ஏற்காடு பஸ்ஸிலிருந்து பிரசவ வார்டு வரை: மருந்தியலின் அடிப்படை

சேலம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள மெடிக்கல் கடைகளில் லீவு நாள் காலையில் வாந்தி மாத்திரை நன்றாக ஓடும். வாங்குவது ஏற்காடு போகிறவர்கள். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருப்பது தெரிந்துதான் வாங்குகிறார்கள். ஆனால் பாதிப் பேர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அடிவாரம் தாண்டி நாலைந்து வளைவு திரும்பி, வாயில் எச்சில் ஊற ஆரம்பித்த பிறகுதான் எடுத்து விழுங்குவார்கள். மருந்து சரியான மருந்து, அளவும் சரியான அளவு. ஆனால் வாந்தி நிற்காது. பழி கடைக்காரர் மேல் விழும்.

அந்த மாத்திரையில் பெரும்பாலும் இருப்பது ப்ரோமெதசின். விழுங்கியபின் வேலையைத் தொடங்க அதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேண்டும். வாயால் சாப்பிடும் மருந்து பெரும்பாலும் ரத்தத்தில் சேருவது இரைப்பையில் அல்ல, சிறுகுடலில்தான். குமட்டல் தொடங்கிவிட்டால் இரைப்பை தன் சரக்கைக் குடலுக்குத் தள்ளுவதை ஏறக்குறைய நிறுத்திவிடும். அதனால் ஐந்தாவது வளைவில் விழுங்கிய மாத்திரை இரைப்பையிலேயே கிடந்துவிட்டு, கடைசியில் ஜன்னல் வழியாக வெளியே போகிறது.

நர்சிங், டி.பார்ம், பாராமெடிக்கல் என்று எதில் முதல் வருஷம் சேர்ந்திருந்தாலும், மருந்தியல் பாடத்தில் பாதி இந்த ஒரு மாத்திரைக்குள் அடங்கிவிடும். மாணவர்கள் பலர் இந்தப் பாடத்தை மருந்தின் பெயர், டோஸ், பக்க விளைவு என்று மூன்று கட்டம் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். பரீட்சைக்கு அது போதும், வார்டுக்குப் போதாது. எந்த மருந்தைக் கையில் எடுத்தாலும் இது எவ்வளவு, எங்கே, எப்போது போய்ச் சேருகிறது, எப்போது கிளம்புகிறது என்று கேட்கப் பழகிவிட்டால், அந்தக் கட்டங்களில் பாதி தானாகவே நிரம்பிவிடும்.

பாடப்புத்தகம் இதை இரண்டாகப் பிரிக்கும். உடல் மருந்தை என்ன செய்கிறது என்பது பார்மக்கோகைனடிக்ஸ். மருந்து உடலை என்ன செய்கிறது என்பது பார்மக்கோடைனமிக்ஸ். பெயர்கள்தான் மிரட்டும், விஷயம் அவ்வளவு இல்லை.

வாயிலிருந்து ரத்தம் வரை

500 மி.கி. பாராசிட்டமால் மாத்திரையை எடை போட்டுப் பாருங்கள், 500 மி.கி.க்கு மேல் இருக்கும். மிச்சமெல்லாம் மருந்தைப் பிடித்து வைக்கவும், வயிற்றில் ஈரம் பட்டதும் உப்பி உடைக்கவும் சேர்த்த பொருள்கள். அவற்றில் மாவுச்சத்து முக்கியமானது, மரவள்ளி மாவும் அந்த வரிசையில் உண்டு. சேகோ ஃபேக்டரிகள் நிறைந்த சேலத்துக்காரர்களுக்கு இதைக் கேட்டால் கொஞ்சம் பெருமையாக இருக்கும், இருக்கட்டும். கவனிக்க வேண்டியது வேறு: மாத்திரை உடைந்து, கரைந்து, குடல் சுவரைக் கடந்தால்தான் மருந்து. அதுவரை அது வெறும் உருண்டை.

எப்போது, எங்கே உடைய வேண்டும் என்பதைத் தயாரிப்பவர்களே தீர்மானித்து வைத்திருப்பார்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல். என்று போட்ட மாத்திரை 12 மணி, 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும்படி செய்யப்பட்டது. நோயாளியால் விழுங்க முடியவில்லை என்று அதைப் பொடித்து, தண்ணீரில் கலக்கி, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் ட்யூபில் ஊற்றினால் ஒரு நாள் மருந்து முழுவதும் ஒரே மூச்சில் இறங்கும். பி.பி. மாத்திரையாக இருந்தால் அழுத்தம் சடசடவென்று இறங்கும். சீட்டில் எழுதிய டோஸ் மாறவே இல்லை, ஆனால் நடந்தது ஓவர்டோஸ். பொடிக்கும் முன் அட்டையைத் திருப்பிப் படிப்பது முதல் வருஷத்திலேயே வர வேண்டிய பழக்கம்.

குடலைக் கடந்தாலும் நேராக உடல் முழுக்கப் போய்விட முடியாது. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. சில மருந்துகளை அங்கேயே பெருமளவு சிதைத்துவிடும். இதுதான் ஃபர்ஸ்ட் பாஸ். நெஞ்சுவலிக்குச் சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வது இதனால்தான். வாயின் அடிப்பகுதி ரத்தக்குழாய்கள் கல்லீரல் பக்கம் போகாமல் இதயத்துக்கே போகின்றன, வேலையும் சில நிமிஷத்தில் தொடங்கும். பதற்றத்தில் அதைத் தண்ணீரோடு விழுங்கிவிடும் பெரியவர்கள் உண்டு. விழுங்கினால் பெரும்பகுதி கல்லீரலோடு முடிந்தது.

கூடச் சாப்பிடுவதும் குறுக்கே வரும். அல்சர் மருந்து என்று பாட்டிலில் குடிக்கும் ஆன்டாசிட்டில் மக்னீசியமும் அலுமினியமும் இருக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையோடு அது சேர்ந்தால் இரண்டும் குடலிலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், ரத்தத்துக்கு வராது. சிப்ரோஃப்ளாக்சசினை 2 மணி நேரம் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். 'சாப்பாட்டுக்கு முன்', 'பின்', 'இடைவெளி விட்டு' என்று கவரில் எழுதுவதெல்லாம் இப்படிப்பட்ட கணக்குதான், சம்பிரதாயம் இல்லை.

ரத்தத்தில் சேர்ந்தபின் பரவல். இதில் தொடக்கத்தில் ஒன்று தெரிந்தால் போதும்: மூளைக்குள் எல்லா மருந்தும் நுழையாது. ப்ரோமெதசின் நுழையும். அதனால்தான் மாத்திரை போட்டவர் ஏற்காடு ஏரிக்கரையில் போட் சவாரிக்கு வராமல் பெஞ்சில் தூங்குகிறார். அது ஹிஸ்டமின் எதிர்ப்பு வகை, அதாவது அலர்ஜி மருந்து வகை. அதே வகையில் பின்னால் வந்த ஃபெக்ஸோஃபெனடின் மூளைக்குள் அவ்வளவாகப் போவதில்லை, தூக்கமும் குறைவு. ஆனால் வளைவுகளில் வரும் குமட்டலுக்கும் அது அவ்வளவாக உதவாது. மூளைக்குள் போனால்தான் அந்த வேலை நடக்கும்.

மாலைக் காப்பியின் கணக்கு

அரை ஆயுளுக்கு வருவோம். முதல் வருஷத்தில் ஒன்றை மட்டும் உருப்படியாகப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். உதாரணத்துக்கு வேறு மருந்து வேண்டாம், காப்பியே போதும்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர்தான் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தவர். அதற்குச் சற்று முன், 1819-ல், ஜெர்மனியில் ருங்கெ என்ற வேதியியலாளர் காப்பிக்கொட்டையிலிருந்து காஃபீனைத் தனியாகப் பிரித்திருந்தார். ஏற்காட்டில் அதிகம் விளைவது அராபிகா. அதில் காஃபீன் எடையில் 1.2 சதவீதம் அளவுக்கு இருக்கும், ரோபஸ்டாவில் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு. காஃபீன் குடலில் அனேகமாக முழுவதும் உறிஞ்சப்படும், ஃபர்ஸ்ட் பாஸில் பெரிதாக அடிபடாது, மூளைக்குள் தாராளமாகப் போகும். பாடம் நடத்த வாகான மருந்து.

ஆரோக்கியமான பெரியவருக்கு காஃபீனின் அரை ஆயுள் சராசரியாக 5 மணி நேரம். அதாவது ரத்தத்தில் இருக்கும் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம். கணக்குக்காக, மாலை 5 மணிக்குக் குடித்த காப்பியில் 100 மி.கி. காஃபீன் என்று வைத்துக்கொள்வோம். இரவு 10 மணிக்கு 50 இருக்கும். விடிகாலை 3 மணிக்கு 25. காலை 8 மணிக்கு அடுத்த காப்பியைக் கையில் எடுக்கும்போதுகூட பன்னிரண்டரை மி.கி. பாக்கி. 'சாயங்காலக் காப்பிக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்' என்று கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

இதையே திருப்பிப் போட்டால் இன்னொன்று புரியும். ஒரு மருந்தை அரை ஆயுளுக்கு ஒரு தடவை என்று ஒரே அளவில் கொடுத்துக்கொண்டே போனால், ரத்த அளவு கடைசியில் எட்டப்போகும் மட்டத்தில் முதல் அரை ஆயுள் முடிவில் 50 சதவீதம், அடுத்து 75, பிறகு 87.5, பிறகு 94 அருகில் வரும். நாலைந்து அரை ஆயுளில் உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகிவிடும். இந்த நிலைதான் ஸ்டெடி ஸ்டேட். 'மூணு நாளா மாத்திரை போடறேன், ஒண்ணும் தெரியல' என்கிற நோயாளிக்கு மருந்தை மாற்றுவதா, பொறுத்திருக்கச் சொல்வதா என்பது அந்த மருந்தின் அரை ஆயுளைப் பொறுத்தது.

அவ்வளவு நாள் காத்திருக்க முடியாத இடமும் உண்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் சில நேரம் மூச்சு விட மறந்துவிடும். அதற்கு பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யூ.வில் கொடுப்பது இதே காஃபீன்தான், காஃபீன் சிட்ரேட்டாக. அந்தப் பிஞ்சுக் கல்லீரலில் காஃபீனைச் சிதைக்கும் என்சைம் இன்னும் வளர்ந்திருக்காது. பெரியவருக்கு 5 மணி நேரமாக இருந்த அரை ஆயுள் அங்கே மூன்று நாலு நாள். தினசரி டோஸை மட்டும் கொடுத்தால் ஸ்டெடி ஸ்டேட் வர இரண்டு வாரம் ஆகும், குழந்தைக்கு மூச்சு இப்போதே வேண்டும். அதனால் முதலில் மட்டத்தை ஒரேயடியாக ஏற்ற கிலோவுக்கு 20 மி.கி. காஃபீன் சிட்ரேட் லோடிங் டோஸ், அடுத்த நாளிலிருந்து அதைத் தக்கவைக்க கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி. மெயின்டனன்ஸ், நாளைக்கு ஒரே தடவை. லோடிங் டோஸ் ஏன், ஒரே தடவை ஏன் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் அரை ஆயுளில்தான் இருக்கிறது.

அந்த என்சைமின் பெயர் சிப் 1ஏ2. கல்லீரலில் இருக்கும் பெரிய என்சைம் குடும்பத்தில் ஒன்று. இது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இதன் வேகம் குறைந்து காஃபீன் இரண்டு மூன்று மடங்கு நேரம் தங்கும். கர்ப்பிணிகள் ஒரு நாளைக்கு 200 மி.கி.க்கு மேல் போக வேண்டாம் என்பார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் இந்த என்சைமைத் தடுக்கும். அந்த மாத்திரை சாப்பிடும் நாளில் வழக்கமான மூன்று காப்பி குடித்தவருக்குப் படபடப்பு வரும், பழியை மாத்திரை மேல் போடுவார். புகையிலைப் புகையோ என்சைமை முடுக்கிவிடும். நிகோடின் அல்ல, புகை. பீடி பிடிக்கும் ஒருவர் மூச்சிரைப்புக்கு காஃபீனின் நெருங்கிய உறவான தியோஃபிலின் சாப்பிட்டுவருகிறார். ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் பீடி நிற்கிறது. என்சைமின் வேகம் சில நாளில் தணிகிறது. டோஸ் அதேதான், ரத்தத்தில் தியோஃபிலின் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. குமட்டல், நடுக்கம், நாடித்துடிப்பு 120. 'பீடியை எப்போது விட்டீர்கள் ஐயா' என்று கேட்கும் நர்ஸ், அந்தக் குழப்பத்தை அங்கேயே அவிழ்த்துவிடுவார்.

எல்லா மருந்தும் இப்படிப் பாதி பாதியாகக் குறையாது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் ஓரளவுக்கு மேல் போனால் அதன் என்சைம் நிரம்பி வழியும். அதன்பின் டோஸைக் கொஞ்சம் ஏற்றினாலும் ரத்த அளவு எகிறும். இதை இப்போதைக்குக் காதில் போட்டு வைத்தால் போதும்.

துண்டு போட்ட சீட்

இனி மருந்து உடலை என்ன செய்கிறது என்பது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது செல்லின் மேல் தனக்கென்று இருக்கும் ரிசெப்டரில் உட்கார்ந்தால் சோர்வும் தூக்கமும் வரும். காஃபீன் அதே ரிசெப்டரில் போய் உட்காரும், ஆனால் எதையும் செய்யாது. ஏற்காடு பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்போமே, அதுதான். துண்டு டிக்கெட் வாங்காது, பயணம் போகாது. ஆனால் அது கிடக்கிறவரை வேறு யாரும் உட்கார முடியாது. உட்கார்ந்து வேலையைத் தொடங்கும் பொருள் அகோனிஸ்ட், உட்கார்ந்து இடத்தை மட்டும் அடைப்பது ஆன்டகோனிஸ்ட். கூட்டம் நெரித்தால் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்காருவார்கள். அகோனிஸ்ட்டின் அளவைக் கூட்டினால் தடையை மீறலாம் என்பது போட்டித் தடை. சில மருந்துகள் ரிசெப்டரில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும், அங்கே கூட்டம் நெரித்தும் பயனில்லை.

ஆக காப்பி தெம்பைத் தருவதில்லை, சோர்வை மறைக்கிறது. தினமும் மறைத்தால் மூளை கூடுதலாக ரிசெப்டர்களை உண்டாக்கிக்கொள்ளும். பழைய ஒரு டம்ளர் பத்தாமல் போகும். ஒரு நாள் காப்பியே இல்லை என்றால் அத்தனை ரிசெப்டரிலும் அடினோசின் உட்காரும், மண்டையிடிக்கும். விரத நாளின் தலைவலிக்குப் பசியை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம்.

அடினோசின் வெறும் பாடப்புத்தகப் பொருள் இல்லை, எமர்ஜென்சியில் ஊசியாகவே இருக்கிறது. ஒரு வகை அதிவேக இதயத்துடிப்பை நிறுத்த 6 மி.கி., நிற்காவிட்டால் 12 மி.கி. போடுவார்கள். அதன் அரை ஆயுள் 10 விநாடிக்கும் குறைவு. புறங்கையில் போட்ட சின்ன கேனுலாவில் மெதுவாகத் தள்ளினால் இதயம் போய்ச் சேருமுன்பே ரத்தத்தில் காலியாகிவிடும். அதனால் முழங்கை மடிப்பில் பெரிய சிரை, மருந்தைச் சட்டென்று தள்ளி அடுத்த நொடியே 20 மி.லி. சலைன், கையை உயர்த்திப் பிடிப்பது. சில விநாடி நெஞ்சை அமுக்குவதுபோல் இருக்கும், பயப்பட வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். காஃபீன், தியோஃபிலின் உள்ளே இருப்பவருக்கு வழக்கமான அளவு கேட்காமல் போகலாம். ஏனென்று இப்போது உங்களுக்கே தெரியும்.

ஒரே ரிசெப்டர் உடலில் பல இடத்தில் இருப்பதுதான் பெரும்பாலான பக்க விளைவுகளின் கதை. ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் சால்பியூட்டமால் எந்த ரிசெப்டர் வழியாக மூச்சுக்குழாயைத் தளர்த்துகிறதோ, அதே ரிசெப்டர் தசையிலும் இருக்கிறது, கை நடுங்குகிறது. இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். மாத்திரையோ 4 மி.கி., அதாவது 40 பஃப். மருந்தை வேண்டிய இடத்துக்கே அனுப்பினால் இவ்வளவு குறைவாகப் போதும். 'இன்ஹேலர் பிடிச்சா விட முடியாது, மாத்திரையே குடுங்க' என்று கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்க்கலாம்.

அளவு

'தம்பி, ஒண்ணுக்கு ரெண்டா குடுங்க, சீக்கிரம் சரியாகட்டும்' என்பது மெடிக்கல் கடையில் தினமும் கேட்கும் வசனம். ஒரு கட்டத்துக்கு மேல் டோஸைக் கூட்டினால் பலன் கூடாது, தொல்லை மட்டும் கூடும். பாராசிட்டமாலில் சிறு பங்கு கல்லீரலில் விஷப்பொருளாக மாறும், அதை கல்லீரலிலேயே இருக்கும் குளூட்டாதயோன் என்ற பொருள் உடனே துடைத்துவிடும். பெரியவருக்கு நாளொன்றுக்கு 4 கிராம் என்பது பொதுவான உச்ச வரம்பு. அதைப் பெரிதாக மீறினால் குளூட்டாதயோன் தீர்ந்து கல்லீரல் செல்கள் சாகத் தொடங்கும். கொடுமை என்னவென்றால் முதல் நாள் ஆள் நன்றாகவே இருப்பார். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். 'நல்லாத்தானே இருக்கார்' என்று வீட்டிலேயே வைத்திருக்கும் நேரம், அந்த 8 மணி நேரம்தான்.

மி.கி. குறைவாக உள்ள மருந்து கூடுதல் பலன் தரும் என்ற நம்பிக்கையும் தவறு. நீர் பிரிய வைக்கும் மருந்துகளில் 1 மி.கி. பியூமெடனைடும் 40 மி.கி. ஃபுரோசிமைடும் ஏறக்குறைய ஒரே அளவு சிறுநீரைத்தான் வெளியேற்றும்.

பலன் தரும் அளவுக்கும் கெடுதி செய்யும் அளவுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கண்ணால் பார்க்க ஒரு நல்ல இடம் பிரசவ வார்டு. மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில்வே ஸ்டேஷனே இருக்கிற ஊர் நம்முடையது. மேக்னசைட் என்ற அந்த வெள்ளைக் கல்லிலிருக்கும் மக்னீசியம்தான், வேறு உப்பாக, கர்ப்பகால வலிப்பைத் தடுக்கிறது. 50 சதவீத மக்னீசியம் சல்ஃபேட் ஆம்ப்யூல் 2 மி.லி.யில் 1 கிராம் இருக்கும். பிரிட்சர்ட் முறை என்று சொல்லும் டோஸ் வரிசையில் முதலில் 4 ஆம்ப்யூலை 12 மி.லி. சலைனோடு கலந்து சிரையில் மெதுவாக, உடனே இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் தசையில். மொத்தம் 14 கிராம் லோடிங். பிறகு 4 மணிக்கு ஒரு தடவை 5 கிராம், பக்கம் மாற்றி மாற்றி.

ரத்தத்தில் மக்னீசியம் லிட்டருக்கு 4 முதல் 7 மில்லி ஈக்விவலன்ட் (ரத்தத்தில் உப்புகளை அளக்கும் அலகு) இருக்கும்போது வலிப்பு தடைபடும். 10 அருகில் வந்தால் முழங்கால் தட்டும்போது கால் துள்ளுவது நின்றுவிடும். 12-ஐத் தாண்டினால் மூச்சே நிற்கலாம். ஒவ்வொரு டோஸுக்கும் முன் லேபுக்கு ரத்தம் அனுப்பிக் காத்திருக்கத் தேவையில்லை. முழங்காலைத் தட்டிப் பார்க்க வேண்டும், மூச்சு நிமிஷத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், கடந்த 4 மணி நேரத்தில் சிறுநீர் 100 மி.லி.யாவது போயிருக்க வேண்டும். சுத்தியலை எடுத்து வரச் சொன்னால் முகம் சுளிக்கும் மாணவிகளுக்கு: அந்தத் தட்டு, மூச்சு நிற்கும் முன் உங்களுக்குக் கிடைக்கும் முக்கியமான எச்சரிக்கை.

சிறுநீரை ஏன் அளக்க வேண்டும் என்பது வைவா என்ற வாய்மொழித் தேர்வில் தவறாமல் வரும். மக்னீசியத்தை கல்லீரல் சிதைக்காது, அதற்கு வெளியே போக கிட்னி ஒன்றுதான் வழி. கிட்னி சோர்ந்தால் அடுத்த 5 கிராம் முந்தைய 5 கிராமின் மேல் ஏறிக்கொள்ளும். மூச்சு குறைந்தால் கொடுப்பது 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி., மெதுவாகச் சிரையில். அது மக்னீசியத்தின் வேலையை எதிர்க்குமே தவிர, அதை உடலிலிருந்து வெளியேற்றாது. அதனால் மூச்சு சீரான பிறகும் அடுத்த டோஸை நிறுத்திவைத்து, யூரின் பையையும் மூச்சையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.